ராஜ்தூத் 350: ஒன்பது ஆண்டுகள் ஓட்டிய பின் எழுதும் மதிப்புரை

உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான ஒரு பைக்குக்கு இப்போது மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். ராஜ்தூத் 350 இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள வண்டியின் விலை லட்சங்களில் பேசப்படுகிறது. படத்தில் பார்த்து மயங்கி வாங்கியவர்களில் சிலர் ஆறே மாதத்தில் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று காத்திருப்பதையும் பார்க்கிறேன். 1984இல் பதிவான ஹெச்டி வகை (இரண்டு வகைகளில் திறன் கூடியது) வண்டி ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக வைத்து ஓட்டி வருகிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு அந்த அனுபவம் உதவ வேண்டும் என்பது இதை எழுத ஒரு காரணம். பழைய பைக் எப்போது 'கிளாசிக்' ஆகிறது என்ற கேள்விக்கு இந்த வண்டியைப் போல் தெளிவாக விடை சொல்லும் வண்டி நம் நாட்டில் வேறில்லை என்பது என் எண்ணம். அது இன்னொரு காரணம்.

வயதை மட்டும் வைத்து அந்தத் தகுதியைத் தீர்மானிக்க முடியாது. பழமையான வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 ஆண்டு வயது, வரலாற்று ரீதியில் சரியான நிலையில் பராமரிப்பு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமை என்று சில அளவுகோல்களை வைத்திருக்கிறது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைத்தான் 'விண்டேஜ்' என்று ஏற்கிறது. அவற்றின் எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பதிவின் ஆயுள் 10 ஆண்டு, வழக்கமான போக்குவரத்துக்கு அனுமதி கிடையாது. இந்தக் கணக்கின்படி என் வண்டி 2034இல்தான் அந்தத் தகுதியைப் பெறும். அதுவரை சட்டத்தின் கண்ணில் அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டிய ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான். ஆனால், இதே வண்டியோடு ஒரே ஆண்டில் பதிவான எத்தனையோ பைக்குகளை இன்று யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. வயது ஒன்றுதான் என்றால், இந்த ஒன்றை மட்டும் ஏன் தேடுகிறார்கள் என்பதற்கு விதிகளில் விடை இல்லை.

விடை இந்த வண்டியின் கதையில் இருக்கிறது. யமஹா நிறுவனம் 1973இல் வெளியிட்ட ஆர்டி 350, காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர், 2 ஸ்ட்ரோக், 347 சிசி இன்ஜின் கொண்டது. 64 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 39 குதிரைத்திறன், ஆறு கியர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் என்று அந்தக் காலத்துக்கு அது ஒரு பெரும் பாய்ச்சல். அதைப் பத்து ஆண்டு கழித்து, 1983இல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் ராஜ்தூத் என்ற பெயரில் கொண்டுவந்தது. போலந்து நாட்டு வடிவமைப்பைத் தழுவி 1962இல் தொடங்கிய ராஜ்தூத் 175, ஊர்ப்புறத்துச் சாலைகளில் பாரம் சுமக்கும் வண்டியாக அறியப்பட்டிருந்தது. அதே பெயரைத் தாங்கி இப்படி ஒரு வண்டி வந்ததை அன்றைய வாடிக்கையாளர் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இந்திய நிலைமைக்காக அதன் வேகத்தைக் குறைத்தார்கள். டிஸ்க் பிரேக் போய் டிரம் பிரேக் வந்தது, திறன் 30.5 குதிரைத்திறனாக இறங்கியது. பெட்ரோல் செலவைக் குறைக்க 1985 வாக்கில் அதையும் மட்டுப்படுத்தி, 27 குதிரைத்திறன் கொண்ட வகையைக் கொண்டுவந்தார்கள். முன்னதை ஹெச்டி (ஹை டார்க்) என்றும் பின்னதை எல்டி (லோ டார்க்) என்றும் இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். வேகத்தைக் குறைத்தும்கூட, 18 குதிரைத்திறன் கொண்ட புல்லட் 350தான் பெரிய வண்டி என்று இருந்த காலத்தில் இது யாரும் எதிர்பாராத வேகம்.

ஆனால், அது விற்கவில்லை. விலை அதிகம், பெட்ரோல் அதிகம், உதிரிபாகம் சுலபத்தில் கிடைக்காது, பழக்கப்பட்ட மெக்கானிக் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. அது வெளிவந்த இரண்டே ஆண்டுகளில் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹாவின் ஆர்எக்ஸ் 100 போன்ற 100 சிசி வண்டிகள் வந்து, நடுத்தரக் குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டன. அந்தப் பத்தாண்டு முடியும்போதே ராஜ்தூத் 350இன் காலமும் முடிந்துவிட்டது. பிறகு வந்த ஆண்டுகளில் அதற்கு மதிப்பே இல்லை. ஓடும் நிலையில் இருந்த வண்டிகளே காயலான் கடைக்கு எடைக்குப் போயின என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்லக் கேட்கும்போது வயிறு எரியும். அப்படிப் போகாமல் தப்பிய வண்டிகள் எல்லாம், எந்த லாபத்தையும் எதிர்பாராமல் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ பத்திரப்படுத்தியவை. ஒரு பைக் கிளாசிக் ஆவது அந்த இடைப்பட்ட காலத்தில்தான் என்பது என் துணிபு. காசு பெறாத நாட்களில் அதைக் கைவிட மறுத்த மனிதர் இருந்திருக்க வேண்டும். அவர் அதைக் கைவிடாமல் இருக்க, வேறு எந்த வண்டியும் தராத ஒன்றை அது தந்திருக்க வேண்டும்.

அந்த ஒன்று என்ன என்பது ஓட்டும்போது புரியும். காலையில் குளிர்ந்த நிலையில் பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக்கை இழுத்து, மெதுவாக ஒரு கிக், அழுத்தமாக ஒரு கிக் கொடுத்தால் நன்றாகப் பராமரித்த வண்டி எழுந்துவிடும். முதலில் வாசலெங்கும் நீலப் புகை. எரிந்த ஆயிலின் மணம் சட்டையில் ஏறும். சோக்கை விட்டதும் ஓசை சீராகி, காற்றால் குளிரும் சிலிண்டர் துடுப்புகளிலிருந்து 'கிணுகிணு' என்ற மெல்லிய அதிர்வு கேட்கும். இரண்டு பிஸ்டன்களும் 180 பாகை மாறி இயங்குவதால், அவை சுழற்றும் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. அதனால்தான் அந்த ஓசை ஒற்றைச் சிலிண்டர் 2 ஸ்ட்ரோக்கின் இடைவெளி விட்ட தாளமாக இல்லாமல், நெருக்கமான ஒரே இழையாக இருக்கிறது. ஊருக்குள் மூன்றாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் போகும்போது அது பணிவான வண்டி. புறவழிச்சாலையில் ஏறி ஆக்ஸிலேட்டரைத் திருகினால், இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் 5,000ஐத் தாண்டும் இடத்தில் ஓசையின் சுருதியே மாறுகிறது. பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளியதைப் போல் வண்டி முன்னே பாய்கிறது. 150 கிலோவை ஒட்டிய எடையுள்ள வண்டிக்கு அந்தத் தள்ளல் தாராளம். இன்று இதைவிட வேகமான வண்டிகள் ஏராளம் என்பது எனக்குத் தெரியும், அவற்றில் சிலவற்றை ஓட்டியும் இருக்கிறேன். அவற்றின் வேகம் கணினி அளந்து ஊற்றுவதைப் போல் ஒரே சீராக வரும். இதில் இன்ஜின் விழித்துக்கொள்ளும் அந்தக் கணத்தை மணிக்கட்டில் உணர முடிகிறது.

குறைகளை மறைத்து எழுதுவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். முன் டிரம் பிரேக், வண்டியின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. இது இந்திய வகையின் வடிவமைப்பிலேயே உள்ள சமரசம், எல்லோரும் அறிந்தது. பிரேக் ஷூவை டிரம்மின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்துப் பொருத்தி, கேபிளைச் சரியான இறுக்கத்தில் வைத்தால் நம்பகமாக நிற்கும், ஆனால் டிஸ்க் பிரேக்குக்குப் பழகியவர்கள் முதல் மாதம் கட்டாயம் நிதானித்து ஓட்ட வேண்டும். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடி தளரும். பெட்ரோலைப் பொறுத்தவரை, என் வண்டி நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 25 கிலோமீட்டரைத் தொடுகிறது. மேலே சொன்ன 5,000 சுற்று சுகத்தை அடிக்கடி தேடினால் 20க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆயில் செலவு தனி.

இன்ஜினின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இந்த வண்டியை வைத்திருக்க முடியாது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய எஃகு இதழ்களால் ஆன ரீட் வால்வு இருக்கிறது. பிஸ்டன் மேலேறும்போது உண்டாகும் உறிஞ்சலில் இதழ்கள் திறந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே போக வழிவிடும். பிஸ்டன் இறங்கும்போது தாமாக மூடிக்கொண்டு, உள்ளே போனது கார்புரேட்டருக்கே திரும்பி வராமல் தடுக்கும். முந்தைய 2 ஸ்ட்ரோக் பந்தய வண்டிகள் குறைந்த சுற்றில் திக்கித் திணறியதற்கும் இது ஊருக்குள் பணிவாக ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த இதழ்களுடையது. இதழின் நுனியில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலும் ஸ்டார்ட் ஆவது கடினமாகும், ஓட்டத்தில் ஒழுங்கு போகும். இன்ஜின் ஆயிலுக்குத் தனித் தொட்டி உண்டு. ஆட்டோலூப் என்னும் பம்ப், ஆக்ஸிலேட்டரின் திருகலுக்கும் இன்ஜினின் வேகத்துக்கும் ஏற்ப அதை அளந்து கொடுக்கும். பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் நேரடியாக ஆயில் கலந்து ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நல்ல நிலையில் உள்ள பம்ப், எந்த மனிதக் கையையும்விடச் சரியாக அளக்கும்.

இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் காண்டாக்ட் பாயிண்ட், அதாவது திறந்து மூடி, ப்ளக்கில் தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் முனைகள். இவற்றின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வெறும் கண்ணால் மதிப்பிட்டு வைத்த பாயிண்டோடு ஓடும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை ஓடும், ஆனால் இந்த வண்டி எப்படி ஓட வேண்டும் என்பதை அவற்றின் உரிமையாளர்கள் அறிய மாட்டார்கள். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் டயல் கேஜைப் பொருத்தி, பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் எந்த இடத்தில் பாயிண்ட் திறக்கிறது என்பதை ஒரு சிறு பல்பு அணைவதையும் எரிவதையும் வைத்துக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வைக்க வேண்டும். எனக்கு இப்போதும் இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதும் ஆகிறது. ஒரு பக்கத் திருகை இறுக்கும்போது பாயிண்ட் தட்டு நகத்தின் கனத்தில் நகர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து, இரண்டு சைலன்சரின் பின்னாலும் இரு உள்ளங்கைகளையும் வைத்தால், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் காற்று துடிப்பது தெரியும். அந்தத் துடிப்பு கையில் பட்ட பிறகு, செலவழித்த நேரத்தை நான் கணக்குப் பார்த்ததில்லை.

வாங்கிய மூன்றாம் ஆண்டில் நடந்ததை இங்கே சொல்வது அவசியம். கிராங்க் சீல்களை (கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் வளையங்கள்) மாற்றித் தரும்படி ஒரு பட்டறையில் வண்டியை விட்டிருந்தேன். வேலை முடிந்து வந்த வண்டி முன்னைவிட நன்றாகவே ஓடியது. சுமார் 700 கிலோமீட்டர் கழித்து, ஒரு மாலையில் சிக்னலில் நின்றபோது, ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்ட பிறகும் இன்ஜின் சுற்று இறங்காமல் உயரத்திலேயே நின்றது. கேபிள் மாட்டிக்கொண்டது என்று நினைத்து நான் மேலும் 20 கிலோமீட்டர் ஓட்டினேன். அது என் பிழை. இடது சிலிண்டரில் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் இழுபட்ட நொடியில் கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். இப்போது என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் அன்றுதான் முதல் முறை போனேன். கோவையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே தனியாக வேலை பார்ப்பவர், அறுபதைத் தாண்டியவர். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. இரண்டு ப்ளக்கையும் கழற்றி என் கையில் வைத்தார். வலது பக்கத்து ப்ளக் மரப்பட்டை நிறம். இடது பக்கத்தது சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. "தம்பி, இது காத்தைக் குடிச்சிருக்குங்க. சீல்ல எறங்கியிருக்கு பாருங்க" என்றார். டைனமோ பக்கத்து சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் குறைந்த கலவை அதிக வெப்பத்தில் எரிந்து பிஸ்டனைத் தின்றுவிடும். கிளட்ச் பக்கத்து சீல் கசிந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை தள்ளும். அது நம்மை எச்சரிக்கும் கசிவு. முன்னது எச்சரிக்காமல் கொல்லும். பட்டறையில் போட்ட சீல் தரமற்ற போலி என்பது பிரித்தபோது தெரிந்தது. அன்று முதல், இன்ஜினைக் கோர்த்த பின் இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் நான் ஸ்டார்ட் செய்வதில்லை.

அந்த விபத்தால்தான் மற்ற உரிமையாளர்களோடு பழக்கம் ஏற்பட்டது. சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிய பின் பொருத்தும் ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி அலைந்தபோது, நான் அதுவரை முகம் பார்த்திராத ஒருவர் தன் அலமாரியில் இருபது ஆண்டு பத்திரப்படுத்திய பிஸ்டன் ஜோடியை எடுத்துக் கொடுத்து, அவர் வாங்கிய விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்றார். கல்லூரி நாட்களில் சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் பார்க்கப் போய், அங்கே இந்த இன்ஜினின் ஓசையைக் கேட்டவர் அவர். அப்போது வாங்க வசதியில்லை, பிறகு வாங்கியபோது வண்டியை விரும்புவோர் இல்லை. அதனால் தனக்குக் கிடைத்தது என்று சொன்னார். இன்னொருவர் அரசு அலுவலர். அவருடைய எல்டி வண்டி 1987இல் அவர் தந்தை வாங்கியது. தந்தையின் கைப்பிடி பட்டு வழுவழுப்பான கிளட்ச் லிவரைக் கடைசி வரை மாற்றப்போவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார். உற்பத்தி நின்ற பிறகு பிறந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய நினைவு என்று எதுவும் இல்லை, அந்த இன்ஜின் மட்டுமே அவர்களை இழுத்திருக்கிறது. இது வெறும் இளமைக்கால ஏக்கம் என்று சொல்பவர்களுக்கு இவர்களைத்தான் நான் காட்டுவேன்.

ஆர்வலர்கள் எல்லோரோடும் எனக்கு உடன்பாடு என்று சொல்ல முடியாது. உதிரிபாகத்துக்காக ஓடும் வண்டியையே பிரித்து விற்பவர்கள் உண்டு. சைலன்சரின் உட்குழாயை உருவிவிட்டுத் தெருவை அதிரவைப்பவர்கள் உண்டு. 2 ஸ்ட்ரோக்கின் எக்ஸாஸ்ட், திறனை உண்டாக்கும் ஓர் உறுப்பு என்பதையும், அதைச் சிதைத்தால் ஓசை கூடித் திறன் குறையும் என்பதையும் அவர்கள் அறிவதில்லை. அடுத்தது, புதுப்பிப்பு பற்றிய கருத்து வேறுபாடு. தொழிற்சாலையில் வெறும் வண்ணம் பூசி அனுப்பிய பாகத்தில்கூடக் கண் கூசும் குரோம் ஏற்றி, அலுமினியம் உறைகளைக் கண்ணாடியாகத் தேய்த்து நிறுத்தும் வண்டிகளை நான் மதிப்பதில்லை. தேய்க்கத் தேய்க்க, வார்ப்பில் இருந்த எழுத்தின் விளிம்பு மழுங்கிப் போகிறது. ஒருமுறை மழுங்கினால் அது திரும்பி வராது. துரு பரவாமல் தடுத்து, இயங்கும் பாகங்களைப் புதியதாக்கி, தோற்றத்தில் காலம் விட்ட தடத்தை அப்படியே விட்டுவைப்பதே சரி என்பது என் கருத்து. என் வண்டியின் டேங்கில் முதல் உரிமையாளரின் முழங்கால் பட்டு வண்ணம் மங்கிய இடம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர் என்னைவிட உயரமானவர் என்பது அந்தத் தடத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அன்றாடம் அலுவலகம் போய்வர ஒரே வண்டியாக இதை வாங்காதீர்கள். கருவியைக் கையில் எடுக்கும் ஆர்வமோ, நம்பகமான மெக்கானிக்கோ, இரண்டில் ஒன்றாவது இல்லாதவருக்கும் இது வேண்டாம். மாதம் சில ஞாயிற்றுக்கிழமைகளைத் தரத் தயாராக இருப்பவருக்கு, இதற்கு ஈடான வண்டியை என்னால் வேறு சொல்ல முடியவில்லை. ஹெச்டியா எல்டியா என்று அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்டியை ஹெச்டியாக மாற்றிவிட்டு ஹெச்டி விலை கேட்பவர்கள் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எதுவானாலும் மூல நிலையில் உள்ள நல்ல எல்டி, ஒட்டுப்போட்ட ஹெச்டியைவிட மேல். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே குனிந்து படித்துப் பாருங்கள். எண் பொறித்த இடத்தில் தேய்த்த அடையாளம் இருந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். சிலிண்டர் எத்தனை முறை போர் செய்யப்பட்டது, அதாவது கடைந்து அகலமாக்கப்பட்டது என்று கேளுங்கள். 64 மில்லிமீட்டரிலேயே நிற்கும் சிலிண்டர் கிடைத்தால் அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பார்க்கப் போகும் நாளில் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, நீங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.